இணையவழிக் கொள்முதல் சேவை: ஒரு கடைசல் பட்டறையின் பதினான்கு மாதக் கணக்கு

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினான்கு பேர் வேலை செய்யும் ஒரு கடைசல் பட்டறையை நடத்தி வருகிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இரண்டு சிஎன்சி லேத், அதே வகையில் துளையிட்டுச் செதுக்கும் ஒரு விஎம்சி, மூன்று பழைய லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், இவ்வளவுதான் எங்கள் இயந்திர பலம். பம்பு, வால்வு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் ஆகியவற்றைக் கடைந்து கொடுக்கிறோம். தொழிற்சாலைகளுக்கான நுகர்பொருள்களையும் உதிரிபாகங்களையும் இணையத்தில் விற்கும் ஒரு கொள்முதல் சேவையில் பதிவு செய்து, பதினான்கு மாதங்களாக அதன் வழியாகப் பொருள் வாங்கி வருகிறேன். அந்தச் சேவையின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. இதைப் போன்ற சேவைகள் இன்று பல இருக்கின்றன. ஒரே ஒரு பட்டறையின் அனுபவத்தை வைத்துக்கொண்டு அவற்றில் ஒன்றின் மீது மட்டும் தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

முதலில் எங்கள் பழைய கொள்முதல் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சேவையை அதனோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும். பெரிய நிறுவனங்களில் கொள்முதலுக்கென்று ஒரு துறையும் மேலாளரும் இருப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கொள்முதல் துறை என்பது முதலாளியின் சட்டைப்பை. ஆப்பரேட்டர் வந்து “சார், டிப் தீரப்போகுது” என்று வெட்டுமுனையைப் பற்றிச் சொல்வார்; நான் கையில் கிடைத்த ஜாப் கார்டின் (வேலை விவர அட்டையின்) பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பட்டியல் ஐந்தாறு பொருளாக வளர்ந்ததும் பட்டரவாக்கத்தில் மின்ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் இறங்கி, உதிரிபாகக் கடைகள் உள்ள லிங்கிச் செட்டித் தெருவுக்கு நடப்பேன். இதற்கு அரை நாள் போகும். திரும்பி வரும்போது பட்டியலில் இருந்தவற்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும், பட்டியலில் இல்லாத இரண்டு பொருள்கள் பையில் இருக்கும். அந்த அரை நாளின் மதிப்பை நான் ஒருபோதும் பொருளின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டதில்லை.

சேவையில் பதிவு செய்வது எளிதாகவே இருந்தது. ஜிஎஸ்டி எண்ணும், சிறுதொழிலாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழும் கொடுத்தால் இரண்டு நாளில் வணிகக் கணக்கு திறந்துவிடுகிறார்கள். ஆண்டுச் சந்தா ஒன்று உண்டு. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஆர்டர்களுக்குச் சரக்குக் கட்டணம் இல்லை. ஒரே கணக்கில் பலருக்குத் தனித்தனி நுழைவு கொடுக்கலாம் என்பது நான் எதிர்பாராத வசதி. எங்கள் சூப்பர்வைசர் தேவையானவற்றைக் கூடையில் சேர்ப்பார். நான் ஒப்புதல் கொடுத்தால்தான் ஆர்டர் போகும். ஜாப் கார்டின் பின்பக்கம் அதோடு ஓய்வு பெற்றது.

இந்த வசதியால் முதலில் வெளிப்பட்டது எங்கள் சொந்த அலட்சியம். மூன்று மாதக் கொள்முதல் வரலாற்றையும் பழைய பில்களையும் கணக்கெழுதும் பெண் ஒரே தாளில் அடுக்கிக் காட்டினார். ஒரே ரகக் கையுறையை நாங்கள் மூன்று இடங்களில், மூன்று விலைகளில் வாங்கியிருந்தோம். அவற்றுள் மிக அதிகமான விலை, தொழிற்பேட்டையின் முனையில் அவசரத்துக்கு ஓடி வாங்கும் கடையில் கொடுத்தது. கையுறை, பாதுகாப்புக் காலணி, வெட்டுச் சக்கரம், ஃபிளாப் டிஸ்க், உயர் வலிமை ஆலன் போல்ட் போன்ற பொருள்களுக்கு இணையச் சேவையின் விலை நாங்கள் கொடுத்து வந்ததைவிட ஆறு முதல் பத்து சதவீதம் வரை குறைவாக இருந்தது. எம்8 அளவு, 25 மில்லிமீட்டர் நீளம், 12.9 தரம் என்று சொல்லிவிட்டால் அந்தப் போல்ட்டைப் பற்றிப் பேச வேறெதுவும் மிச்சமில்லை. பெயரிலேயே முழு விவரமும் அடங்கிவிடும் பொருள்களை இத்தகைய சேவையில் தயங்காமல் வாங்கலாம்.

வரி விஷயத்தில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஒரு லட்சம் ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அதன் மேல் 18,000 ரூபாய் ஜிஎஸ்டி கட்டுகிறோம். விற்றவர் தன் கணக்கில் அந்தப் பில்லை ஏற்றி, அது நாங்கள் வாங்கியவற்றைக் காட்டும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் தெரிந்தால்தான் 18,000 ரூபாயை வரவு எடுத்து, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். 2022ஆம் ஆண்டு முதல் இதில் விதிவிலக்கு கிடையாது. அறிக்கை ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வரும். பழைய நாள்களில் அன்று காலை கணக்கெழுதும் பெண்ணின் முதல் வேலை, பில் ஏற்றாத கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசுவதுதான். இந்தச் சேவையின் நேரடி விற்பனைப் பில்கள் பதினான்கு மாதங்களில் ஒருமுறைகூடத் தவறவில்லை. அதே தளத்தில் தங்கள் பொருளை விற்கும் வெளி விற்பனையாளர்கள் வழியாக வரும் பில்களுக்கு அந்த உறுதி கிடையாது. ஒரே ஆர்டர் மூன்று மாநிலங்களிலிருந்து மூன்று பில்களாக வரும்; நம் மாநிலத்துப் பில்லில் மத்திய, மாநில வரி, வெளிமாநிலப் பில்கள் இரண்டில் ஒருங்கிணைந்த வரி. அவர்களில் ஒருவருடைய ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டதால் எங்களுக்கு வர வேண்டிய சிறு தொகை வராமலே போனது. ஆகவே “விற்பவர் யார்” என்ற வரியைப் படிக்காமல் ஒப்புதல் கொடுப்பதில்லை என்ற பழக்கம் இப்போது வந்துவிட்டது.

அடுத்து ஒரு குறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் அதிகம் செலவாகும் வெட்டுமுனை, சிஎன்எம்ஜி 120408 என்ற கார்பைடு இன்சர்ட். கடைசி இரண்டு எண்களில்தான் விஷயம் இருக்கிறது: 08 என்றால் மூக்கின் வளைவு 0.8 மில்லிமீட்டர், 04 என்றால் 0.4. ஆறு பெட்டிகள் ஆர்டர் செய்திருந்தோம். வந்தவற்றுள் நான்கு சரியானவை, இரண்டு 120404. நிறம், வடிவம், பெட்டி மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பத்துக் குழிகள் கொண்ட அந்தச் சிறிய பிளாஸ்டிக் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டோரில் யாரும் படிக்கவில்லை. இரவு ஷிப்டில் ஆப்பரேட்டர் புது முனையை மாட்டி, எப்போதும்போல ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் ஓட்டியிருக்கிறார். மூக்கின் வளைவு பாதியானால், அதே வீதத்தில் மேற்பரப்பின் சொரசொரப்பு கணக்குப்படி இரட்டிப்பாகும். வரைபடம் கேட்டது 1.6 மைக்ரான், காலையில் நான் வந்து அளந்தபோது கருவி காட்டியது 3-க்கு மேல். நாற்பத்திரண்டு ஷாஃப்ட்கள். அளவில் ஓரளவு மிச்சம் இருந்ததால் கிரைண்டிங்கில் போட்டு முப்பத்தைந்தைக் காப்பாற்றினோம்; ஏழு கழிவுக்குப் போயின.

தவறு அனுப்பியவருடையது என்றாலும், பெட்டி வந்தபோது படிக்காதது எங்கள் குற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. பெட்டியின் முத்திரை உடைந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று முதல் பதில் வந்தது. திறக்காமல் இருந்த மற்றொரு பெட்டியின் படத்தையும், ஆர்டரின் நகலையும் அனுப்பினேன். புகாருக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணை நான்கு பேரிடம் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவருக்கும் மூக்கின் வளைவு என்றால் என்னவென்று தெரிந்திருக்கவில்லை. “வண்ணம் மாறி வந்துவிட்டதா சார்?” என்று ஒருவர் மிகுந்த பணிவோடு கேட்டார். பதினோராம் நாள் இரண்டு பெட்டிகளுக்கும் பணம் திரும்பி வந்தது. அதை நேர்மையாகவே செய்தார்கள் என்றாலும், அந்தப் பதினொரு நாளில் எனக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல, சரியான முனை. அதை லிங்கிச் செட்டித் தெருவிலிருந்து அன்று மதியமே வரவழைத்துவிட்டோம்.

அந்தத் தெருவில் நான் இருபது ஆண்டுகளாகப் போகும் கடையின் உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். சென்ற ஆண்டு ஹைட்ராலிக் பவர் பேக்கின் பம்பில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் போய்விட்டது. அளவு எழுத்துகள் தேய்ந்துபோன பழைய சீலை ஒரு தாளில் மடித்து எடுத்துப் போனேன். அண்ணாச்சி அதை விரலால் அழுத்திப் பார்த்தார், மேசையிழுப்பறையிலிருந்த வெர்னியரை எடுத்து உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து, “முப்பத்தஞ்சு, அம்பத்திரெண்டு, ஏழு” என்று உள்ளே குரல் கொடுத்தார். பையன் சீலை எடுத்து வருவதற்குள் என்னைப் பார்த்து, “தம்பி, இதோட உதடு கருகின மாதிரி இருக்கே, எண்ணெய் ரொம்பச் சூடாகுதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்போ சாதா ரப்பர் போடாதீங்க, மூணு மாசத்துல திரும்ப வருவீங்க. வைட்டான் எடுத்துட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி கூலரைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க” என்றார். சூடு தாங்கும் ரப்பரான வைட்டானின் விலை பல மடங்கு அதிகம்தான் என்றாலும் அந்தச் சீல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூலரில் அடைத்திருந்த சேற்றைப் பற்றி எழுதினால் எங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளர் கோபித்துக்கொள்வார்.

இணையச் சேவையின் தேடுபெட்டியிலும் அந்த மூன்று எண்களையும் போட்டுப் பார்த்தேன். சீல் இருந்தது, அண்ணாச்சி சொன்ன விலையைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் உதடு ஏன் கருகியது என்று அது கேட்கவில்லை. கேட்கும்படி அதை யாரும் அமைக்கவுமில்லை. “நிபுணரிடம் பேசுங்கள்” என்ற பொத்தானை அழுத்தினால் வரும் அழைப்பு, விற்பனைப் பிரிவிலிருந்து வருகிறது.

விலையும் ஆலோசனையும் ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் கொள்முதலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவை இரண்டுமல்ல, தவணைதான் என்பதை வெளியே இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. எங்கள் வாடிக்கையாளர்கள் எழுபத்தைந்து முதல் தொண்ணூறு நாள்களில் பணம் கொடுக்கிறார்கள். அண்ணாச்சி எனக்கு அறுபது நாள் கடன் கொடுக்கிறார். பத்திரமும் கையெழுத்தும் கிடையாது, அவருடைய நீளவாட்டுப் பேரேட்டில் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. இணையச் சேவையிலோ முன்பணம், அல்லது “பின்னர் செலுத்துங்கள்” என்ற பெயரில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். 60,000 ரூபாய்க் கொள்முதலில் சேவையின் விலை நான்கு சதவீதம் குறைவு என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,400 ரூபாய். அதே தொகையை, வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க அனுமதிக்கும் ஓவர்டிராஃப்டிலிருந்து 11 சதவீத வட்டிக்கு எடுத்து அறுபது நாள் வைத்திருந்தால் வட்டி சுமார் 1,085 ரூபாய். வெறும் கணக்கில் பார்த்தால் சேவையிலேயே வாங்க வேண்டும். ஆனால் மாதத்தின் கடைசி வாரத்தில் சம்பளம், மின் கட்டணம், வெப்பப் பதப்படுத்தல் கூலி எல்லாம் சேர்ந்து ஓவர்டிராஃப்டின் எல்லையைத் தொட்டிருக்கும். அப்போது வட்டி விகிதம் எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. எடுப்பதற்குப் பணமே இருக்காது. 2,400 ரூபாயை விட்டுக்கொடுத்து நான் அண்ணாச்சியிடம் வாங்குவது அந்தத் தெருவின் மீதுள்ள பாசத்தால் மட்டும் அல்ல.

“பின்னர் செலுத்துங்கள்” வசதியை இரண்டு முறை பயன்படுத்தினேன். முப்பது நாள் வரை வட்டி இல்லை, அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், தாமதக் கட்டணம் தனி. இரண்டாம் முறை ஒன்பது நாள் தாமதமானது. ஒன்பது நாளும் காலை பத்து மணிக்குத் தவறாமல் ஒரு குரல் அழைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனபோது, கடன் அறிக்கையில் ஒரு புதிய நிதி நிறுவனத்தின் பெயர் எப்படி வந்தது என்று மேலாளர் கேட்டார். கையுறை வாங்கினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த வசதியை அழுத்தும்போது நாம் ஒரு கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறோம் என்பதைத் திரையில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் காலத்தில் பணம் கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லையே என்று கேட்கலாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். இந்த வட்டியை நான் கேட்டதும் இல்லை, கேட்டவரைப் பார்த்ததும் இல்லை. மொத்த வேலையில் பாதிக்கு மேல் கொடுக்கும் வாடிக்கையாளர் மீது மனுப் போடுவதற்கு எங்கள் பேட்டையில் யாருக்கும் துணிவில்லை. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் சிறிது உதவியது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை அந்தக் காலக்கெடுவுக்குள் தராவிட்டால், தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்பதால், மார்ச் மாதத்தில் மட்டும் எங்கள் பணம் ஓடி வருகிறது. உத்யம் சான்றிதழைக் கேட்டு மின்னஞ்சல்களும் வருகின்றன. இயந்திர முதலீடு 1 கோடியைத் தாண்டியதால் சிறு நிறுவனமாக இருந்த நாங்கள், 2025 ஏப்ரலில் அந்த எல்லை 2.5 கோடியாக உயர்ந்ததும் குறு நிறுவனமானோம். பட்டறையில் ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை.

வாங்குபவன் என்ற முறையில் அதே விதி என்னையும் கட்டுகிறது. முலாம் பூசுபவருக்கும் வெப்பப் பதப்படுத்துபவருக்கும் மார்ச் மாத இறுதிக்குள் பாக்கியைத் தீர்த்துவிடும்படி ஆடிட்டர் சொல்லிவிடுகிறார். வெறும் வணிகர்களுக்கு இது பொருந்தாது என்பதால் அண்ணாச்சியின் பேரேடு இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப்பொருளை இந்தச் சேவையில் வாங்க முயல வேண்டாம். எங்களுக்கு இஎன்8 ரக எஃகுக் கம்பி ஒரு தடவைக்கு முந்நூறு கிலோ, வெட்டிய துண்டுகளாக, வார்ப்பு எண்ணோடு கூடிய பரிசோதனைச் சான்றிதழுடன் வேண்டும். அவர்கள் டன் கணக்கில் பேசுகிறார்கள். கூலன்ட் எண்ணெய் இருபது லிட்டர் கேன் ஒன்று கசிந்து, பாதி பெட்டியிலும் பாதி கேனிலுமாக வந்தது. “விலைப்புள்ளி கேளுங்கள்” என்ற பகுதியில் ஒரு டிரில் சக்குக்கு விலை கேட்டேன்; ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் அழைத்தார்கள், அவர்களில் இருவர் டிரில் மெஷினே விற்க முயன்றார்கள். பேரிங்கைப் பொறுத்தவரை எனக்கு ஒரே கொள்கைதான்: 6205 போன்ற சாதாரண எண்ணாக இருந்தாலும் உற்பத்தியாளரின் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமே வாங்குகிறேன். போலிப் பெட்டிகளின் அச்சு இப்போது அசலைவிட அழகாக இருக்கிறது.

ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியலில் இந்தச் சேவையின் பெயரை எழுதியிருந்தோம். தணிக்கைக்கு வந்தவர் பில்களைப் புரட்டிப் பார்த்து, “பட்டியலில் ஒரே பெயர் இருக்கிறது, பில்லில் ஏழு பெயர்கள் இருக்கின்றனவே, இவர்களை யார் மதிப்பீடு செய்தது?” என்று கேட்டார். பதில் இல்லை. அன்றிலிருந்து தரத்தைப் பாதிக்கும் எதையும் வெளி விற்பனையாளரிடம் வாங்குவதில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். வந்த பெட்டியின் எழுத்தை ஆர்டரோடு ஒப்பிட்டு இருவர் கையெழுத்திட்ட பின்பே ஸ்டோருக்குள் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தாளின் இரண்டாவது வரி. ஸ்டோரில் ஒரு பூதக்கண்ணாடியும் கயிற்றில் கட்டித் தொங்குகிறது.

இப்போது எங்கள் மாதக் கொள்முதலில், மூலப்பொருளை நீக்கிப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு இந்தச் சேவையில் போகிறது. அது பெரும்பாலும் பாதுகாப்புப் பொருள், போல்ட், தேய்ப்புச் சக்கரம், அலுவலகச் சாமான். இன்சர்ட்டும் சீலும் அண்ணாச்சியிடம். அவருடைய மகன் இப்போது பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், 11ஆம் தேதிக்குள் கணக்கிலும் ஏற்றிவிடுகிறார். எங்கள் கணக்கெழுதும் பெண் அதற்காக அவரோடு நடத்திய போர் தனிக் கதை. சேவையின் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கப்போகிறேன். “பின்னர் செலுத்துங்கள்” வசதியை மட்டும் எங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் ஒரு புகார் எண் வந்திருக்கிறது.